ஏறிய கியரிலேயே இறங்கு

வண்டிப் பெருமை பேசுவது கொல்லிமலைக்குப் புதிதில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு மோதிய மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. சிறுபாணாற்றுப்படை இருவரையும் அவரவர் குதிரையோடு சேர்த்தே சொல்கிறது. தன் பெயரையும் தன் வண்டியின் பெயரையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒட்டிப்போன இரண்டு பேர் மோதினார்கள். காரி ஜெயித்தான், மலை சேரனுக்குப் போனது.

காரவள்ளி அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டீ கிளாஸோடு நிற்கும் கார் பிரியர்களைப் பார்க்கும்போது இந்தக் கதைதான் எனக்கு ஞாபகம் வரும். சேலம், ஈரோடு, கோவை, பெங்களூரு என்று பல ஊர் நம்பர் பிளேட்டுகள். பேச்சு எப்போதும் மூன்று கேள்விகளைச் சுற்றியே ஓடும். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? இன்ஜினை அப்படியே விடுவதா, டியூன் செய்வதா? கடைசியில், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, “சர்வீஸுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது?”

நானும் பத்து வருடமாக இந்தப் பேச்சில் கலந்துகொள்பவன்தான். ராசிபுரம் பக்கத்து ஆள். பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த மூன்று கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கித் தேடிப் போனபோது, மூன்றும் ஒரே இடத்தில் போய் முட்டின. காரின் சொந்தக்காரர் எந்த சீட்டில் உட்கார்ந்தார்? நம் ஊரில் கியரின் வரலாறு இந்தக் கேள்விக்குக் காலம்தோறும் கிடைத்த பதில்களின் வரலாறுதான். கொல்லிமலைச் சாலையில் அது கண்ணுக்குத் தெரிகிறது.

எழுபது வளைவுகள் கேட்பது

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளியில் மலை தொடங்கும். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே சமவெளி. மேலே 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். குத்துமதிப்பாக 900 மீட்டர் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகச் சுற்றும்போது அதற்குத் தெம்பு கிடையாது. ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் இழுக்கும். ஆனால் வளைவில் கார் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடுகிறது, ஏற்றமோ வளைவின் உள்பக்கத்தில்தான் மிகச் செங்குத்து. சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும், இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று பஞ்சாயத்து பண்ணுவதுதான் கியர். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்குகிறது. வளைவுக்கு முன் ஒருமுறை இறக்கி, வளைவு தாண்டியதும் ஒருமுறை ஏற்றினால்கூட மலையேற 140 தடவை கியர் மாற்ற வேண்டும்.

இது ஏறுவதன் கணக்கு. இறங்குவதன் கணக்கு இதைவிடப் பெரியது. நான்கு பேர் உட்கார்ந்த ஒரு சின்ன கார் 1300 கிலோ இருக்கும். அது 900 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரை, அதாவது இரண்டு பெரிய குடத்துத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு. அதில் காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மீதி போவதற்கு இரண்டே வழிகள். ஒன்று, பிரேக்குகள். மற்றொன்று இன்ஜின்: சின்ன கியரில் போட்டுக் காலை எடுத்தால், சக்கரம் இன்ஜினைச் சுற்ற வைக்க வேண்டியிருப்பதால் வண்டி தானாக அடங்கும். முழுச்சூட்டையும் பிரேக் தலையில் கட்டினால் முதலில் லைனிங் கருகும் வாசம் வரும். பிறகு பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் பொதபொதவென்று தரைவரை போய்விடும்.

“ஏறின கியர்லயே இறங்கு” என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். எந்தக் கியரில் அந்த ஏற்றத்தை ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. இயற்பியல் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை மூன்று சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

பின்சீட்டு முதலாளிகள்

சுதந்திரத்துக்குப் பிறகு மூன்று கார்கள்தான் இங்கே பல வருடம் ஓடின. 1957-ல் வந்த இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர். பம்பாயில் தயாரான ஃபியட் 1100, பின்னாளில் அதுவே பிரீமியர் பத்மினி. மூன்றாவது நம் ஊர்க்காரர்: சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கியர் ராடு தரையில் இல்லை, ஸ்டீரிங் தண்டின் பக்கவாட்டில் இருந்தது. காரணம் எளிமையானது. முன்சீட்டு நீளமான பெஞ்சு. ராடு நடுவில் நின்றால் மூன்றாவது ஆள் உட்கார முடியாது. டிரைவரின் கைக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே இரும்புக் கம்பிகளும் இணைப்புகளும் சுற்றி வளைத்துப் போகும். நாள்பட்டால் அவை தேயும், கியர் சிக்கும். சிக்கினால் பானெட்டைத் திறந்து கையால் தட்டி விடுவிக்கத் தெரியாதவர் அந்தக் காலத்தில் டிரைவரே இல்லை.

அதோடு, இரண்டு கார்களிலும் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாகச் சமன்படுத்தும் அமைப்பு அது. அமெரிக்காவில் காடிலாக் 1928-லேயே கொண்டுவந்துவிட்டது. அது இல்லாத கியருக்கு ஓடும்போதே மாற்ற வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒருமுறை உறுமவிட்டு, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியரைப் போட வேண்டும். 1100 கிலோவுக்கு மேல் எடை, ஏறக்குறைய 50 குதிரைத் திறன் உள்ள அம்பாசிடரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செங்குத்து வளைவில் முதல் கியர் தேடுவது எப்படி இருந்திருக்கும்? இடது கால், வலது கால், இடது கை, காது நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். நடுவில் ரேடியேட்டர் கொதித்தால் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்தைக் காரை வாங்கியவர் ஏன் பொறுத்துக்கொண்டார்? பெரும்பாலும் அவர் அதைப் படவில்லை என்பதுதான் பதில். அவர் பின்சீட்டில் இருந்தார். கார் வாங்கும் வசதி உள்ள வீட்டில் டிரைவரும் இருந்தார். கியர்பெட்டியின் குறைகளுக்கான விலையைக் கொடுத்தது சம்பளத்துக்கு ஓட்டியவரின் தோளும் முழங்காலும். வாங்குபவருக்கு வலிக்காத குறையைத் திருத்த எந்த நிறுவனத்துக்கும் அவசரம் இருக்காது. போட்டியும் இல்லை, லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் கார் கிடைக்கவே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 1939-ன் இறுதியிலேயே முழு ஆட்டோமேட்டிக் கியர் விற்பனைக்கு வந்துவிட்டது. அங்கே சொந்தக்காரரே ஓட்டினார். இங்கே சம்பள டிரைவர்தான் நம் ஆட்டோமேட்டிக்.

தானே ஓட்டுகிறவர்களுக்குப் பிடித்த கார் ஹெரால்டு. 948 சிசி இன்ஜின், தரையில் குட்டையான கியர் ராடு. அதைவிட முக்கியம், திரும்பும் வட்டம் 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் சொச்சம்தான். அம்பாசிடருக்குப் பத்து மீட்டருக்கு மேல் வேண்டும். மற்ற கார்கள் மூச்சுப் பிடித்துத் திரும்பும் கொண்டை ஊசியில், முன்சக்கரங்களை ஏறக்குறைய குறுக்காகவே திருப்பிக்கொண்டு போகக்கூடிய கார். ஆனால் பெரிய குடும்பத்தை ஏற்ற முடியாது, அரசு அதிகாரிகளும் டாக்ஸிக்காரர்களும் சீந்தவில்லை. ஸ்டாண்டர்டு நிறுவனம் பிறகு கெஸல் கொண்டுவந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. ரோவரின் அழகான உடம்புக்குள் பழைய இரண்டு லிட்டர் இன்ஜின். பெட்ரோலைக் குடித்தது. 1988-ல் கடை மூடப்பட்டது. மதராஸின் கார் மைலேஜ் கணக்கில் செத்தது.

சோழவரம்

டியூனிங்கின் கதை சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. ஓடியவற்றில் பல, கடைகளில் விற்ற அதே ஃபியட்டும் ஹெரால்டும்தான். தலையைக் கழற்றிச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, கேம்ஷாஃப்டைத் தேய்த்து வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது, கார்புரேட்டரை மாற்றுவது, தேவையில்லாத எடையைக் கழிப்பது. வெளிநாட்டுப் பாகம் வாங்க முடியாததால் எல்லாம் லேத் பட்டறையில் பிறந்தவை. இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள ஒரே தகுதி, காருக்குச் சொந்தக்காரராக இருந்துகொண்டே அதன் அடியில் படுக்கத் தயாராக இருப்பது. பின்சீட்டை விட்டு முன்னால் வந்த முதல் கூட்டம் இவர்கள்தான்.

அவர்களில் முக்கியமானவர் கோவையின் எஸ். கரிவர்தன். ஆலை முதலாளிகள் குடும்பத்துப் பிள்ளை. வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து ஒரு பந்தயக் காரைத் தருவித்து ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. எல்லா ஊரிலும் கிடைக்கும் மாருதி 800-ன் இன்ஜினையும் கியர்பெட்டியையும் எடுத்து, குழாய்ச் சட்டத்தில் ஒற்றை ஆள் பந்தயக் காராகக் கட்டினார். 1988-ல் ஃபார்முலா மாருதி பிறந்தது. உடைந்தால் பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்பதே அதன் பெரிய தொழில்நுட்பம். பந்தயம் என்பது வேகத்தின் பிரச்சினை ஆவதற்கு முன்னால் பராமரிப்புச் செலவின் பிரச்சினை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் வந்தது. கரிவர்தன் 1995-ல் சிறுவிமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சுமக்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அங்கே அவர் ஓட்டிய காரில் கியர் மாற்ற ராடு இல்லை, ஸ்டீரிங்கின் பின்னால் இரண்டு துடுப்புகள். ஃபெராரி 1989-ல் அதைக் கொண்டுவந்து, முதல் பந்தயத்திலேயே ஜெயித்தும் காட்டியது. “மேனுவல் ஓட்டுறவன்தான்யா நிஜமான டிரைவர்” என்று டீக்கடையில் யாராவது சத்தியம் செய்யும்போது நான் இதை மட்டும் சொல்லிவிட்டு வடையைக் கடிப்பேன். உலகத்தின் மிக வேகமான டிரைவர்கள் கியர் ராடை விட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

எவ்வளவு குடுக்குது?

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 சாவி கைமாறியது. விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், 700 கிலோவுக்கும் குறைவான எடை. தரையில் இலகுவான கியர் ராடு. எல்லோரும் இதை ஏழை நடுத்தர வர்க்கத்தின் கார் என்பார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய விஷயம், இது டிரைவர் வைத்துக்கொள்ள முடியாதவர்களின் கார். பின்சீட்டில் முதலாளி மாதிரி உட்கார அதில் இடமும் இல்லை. வங்கி ஊழியரும் ஆசிரியையும் முதல்முறையாக ஸ்டீரிங்கைப் பிடித்தார்கள். கியர் சொந்தக்காரரின் கைக்கு வந்து சேர்ந்தது.

கூடவே பெட்ரோல் கணக்கும் வந்தது. “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” என்ற கேள்வி நம் மொழியில் காருக்கான நலம் விசாரிப்பு ஆகிவிட்டது. பசுவைப் பற்றிக் கேட்பது போலவே கேட்கிறோம். இந்தக் கேள்விதான் ஒரு ஆபத்தான பழக்கத்தையும் வளர்த்தது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, சிலர் இன்ஜினையே அணைத்து, பெட்ரோல் மிச்சம் பிடிப்பது. கார்புரேட்டர் காலத்தில் இதற்கு ஒரு அரைக்கால் நியாயம் இருந்தது. கியரில் இறங்கினாலும் கார்புரேட்டர் கொஞ்சம் பெட்ரோலைச் சிந்திக்கொண்டேதான் இருக்கும். ஆனால் 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது கார்கள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. இப்போது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரல் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும்.

ஆக, நியூட்ரலில் மலையிறங்குபவர் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு அதிகம் செலவழிக்கிறார், இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டையும் பிரேக்கின் மேல் கொட்டுகிறார். இன்ஜினை அணைத்தால் இன்னும் மோசம். பிரேக்கை இலகுவாக்கும் வாக்குவம் அமைப்பு இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும், சில மிதிகளுக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இயந்திரம் மாறி இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. அப்பாவிடம் கற்ற சிக்கனம் மட்டும் மாறாமல் மலையிறங்கிக்கொண்டிருக்கிறது.

அட்டவணைக்குள் இருக்கும் குதிரைகள்

2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கான கலால் வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். அன்றிலிருந்து இந்தியக் காரின் பின்பக்கம் எங்கே வெட்டப்பட வேண்டும் என்பதை வரியும் சேர்ந்தே தீர்மானித்தது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் இந்தக் கோடு அழியவில்லை. சின்ன காருக்கு 18, மற்றவைக்கு 40.

சின்ன இன்ஜினிலிருந்து பெரிய சக்தி வேண்டுமென்றால் டர்போ வேண்டும். டர்போ வந்ததும் டியூனிங் லேத்திலிருந்து லேப்டாப்புக்கு மாறியது. இது என் தொழிலுக்குப் பக்கத்து வீடு என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை பெரும்பாலும் அட்டவணைகள். இன்ஜின் வேகம் ஒரு பக்கம், சுமை இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றை அழுத்தலாம் என்று எண்கள். ரீமேப் என்றால் அந்த எண்களைத் திருத்துவது. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனிக் கார்களில் ஓடிய இன்ஜின். சில மாடல்களில் 75 குதிரை, வேறு டர்போ போட்ட மாடல்களில் 90. “ஒரே இன்ஜின்தானே, எனக்கு மட்டும் ஏன் 75?” என்ற கேள்வியில்தான் நம் ஊர் ரீமேப் கலாசாரம் செழித்தது.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த எண்கள் சும்மா தாழ்த்தி வைக்கப்பட்டவை அல்ல. கிளட்ச் எவ்வளவு தாங்கும், கியர்பெட்டி எவ்வளவு தாங்கும், மோசமான டீசலிலும் ராஜஸ்தான் வெயிலிலும் உத்தரவாதக் காலம் முடிய ஓடுமா என்ற கணக்குகளின் கூட்டுத்தொகை அவை. நிறுவனம் சுமந்துகொண்டிருந்த ஆபத்தை நம் தலைக்கு மாற்றிக்கொண்டு, பதிலுக்குக் குதிரைகளை வாங்குகிறோம். தெரிந்து செய்தால் அது ஒரு வியாபாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் சொன்னது. சோழவரத்துப் பட்டறைக் கலை சாலையில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

மூன்றாவது பெடல் போனபோது

2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் ஏஎம்டி வந்தது. பெயர்தான் பெரிது. சாதாரண ஐந்து கியர் பெட்டி, சாதாரண கிளட்ச். அவற்றை இயக்க மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு ஹைட்ராலிக் பொறி. கூடுதல் விலை ஏறக்குறைய 40 ஆயிரம். நிறுவனம் அறிவித்த மைலேஜ் மேனுவலுக்கும் இதற்கும் ஒன்றே: 23.1. “ஆட்டோமேட்டிக் வெச்சா பெட்ரோல் குடிக்கும்” என்ற தடை அன்றோடு உடைந்தது. நம் பழைய சம்பள டிரைவரை 40 ஆயிரம் ரூபாய்க்குப் பெட்டிக்குள் அடைத்து விற்றார்கள் என்றும் சொல்லலாம்.

மலையில் ஒவ்வொரு வகையும் தன் குணத்தைக் காட்டும். ஏஎம்டி வளைவில் எந்தக் கியர் என்று ஒரு நொடி யோசிக்கும், அந்த நொடியில் வண்டி தயங்கும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைத்தால் ஹாஃப் கிளட்சில் தட்டு எரியும். அதே தவறைச் செய்யும் மேனுவல் டிரைவருக்குக் காலில் தெரியும், இதில் எச்சரிக்கை விளக்கில்தான் தெரியும். டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் வழியாக விசை போவதால் ஏற்றத்தில் பொறுமைசாலி. சிவிடியில் பெல்ட்டு, கியரே கிடையாது. ஏற்றத்தில் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும். இரட்டைக் கிளட்ச் பெட்டி, 2013-ல் இங்கே போலோ ஜிடியிலும் வந்தது, மாற்றும் வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் சிக்கலான பெட்டி. அதே 2013-ல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் இந்த வகைப் பெட்டிகளுக்காக 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது.

கவனித்தால், எதுவும் இலவசமில்லை, செலவு இடம் மாறுகிறது. மேனுவலில் அது உங்கள் முழங்காலில் விழுகிறது. ஏஎம்டியில் வழவழப்பில் விழுகிறது. டார்க் கன்வெர்ட்டரில் வாங்கும் விலையிலும் எரிபொருளிலும், இரட்டைக் கிளட்சில் உத்தரவாதம் முடிந்த பிறகு வரும் பில்லில். எது நல்லது என்று டீக்கடையில் சண்டை போடுபவர்கள், உண்மையில் எந்த இடத்தில் வலித்தால் தாங்குவோம் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மலைக்காரர்களின் கணக்கு

இந்தச் சாலையைத் தினமும் ஓட்டுகிறவர்கள் இந்தச் சண்டையில் இல்லை. பலாவும் வாழையும் மிளகும் சோளக்காடு சந்தையிலிருந்து கீழே போக வேண்டும். மரவள்ளிக்கிழங்கு சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போக வேண்டும். சாலை வருமுன் இவையெல்லாம் தலைச்சுமையாக இறங்கியவை. இப்போது பிக்கப் வண்டிகள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழில் வளர்ந்ததே டிரைவர்கள் கடன் வாங்கி ஓனர்கள் ஆனதால்தான். பின்சீட்டு முதலாளி என்ற இனமே இந்தத் தொழிலில் குறைவு. மலையின் பிக்கப்காரர்களும் அந்த வழிதான். வண்டி அவர்களுடையது, டியூவும் அவர்களுடையது.

மலைமேல் பிக்கப் ஓட்டும் ஒரு அண்ணனிடம் கேட்டேன், “வருஷத்துக்கு வண்டிக்கு என்னண்ணா ஆகுது?”

“என்னாகுதுன்னா? டியூ தனி, இன்சூரன்ஸ் தனி, எஃப்சி தனிங்க. டயரு, கிளட்ச் பிளேட்டு, லைனிங்கு, இந்த மூணும் மலை திங்கிறது தம்பி. டயரும் பிளேட்டும் ஏறையில திங்கும். லைனிங்கு இறங்கையில திங்கும். இறங்கையில ரெண்டாவது கியருலயே வெச்சு வந்தா லைனிங்கு மிச்சம். அவசரப்பட்டா அது காலி.”

“ஆட்டோமேட்டிக் பிக்கப் வந்தா வாங்குவீங்களா?”

“வாங்குனா ரிப்பேரு யாரு பாக்குறது? காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி வந்தா பாத்துக் குடுக்கணும். சாயங்காலம் லோடு ஏத்தணும்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “ஞாயித்துக்கெழம வர்ற காருங்க லைனிங் வாசத்தோட நிக்கும் தம்பி. வீல் மேல தண்ணி ஊத்தாதீங்க, சும்மா அரை மணி நேரம் நிறுத்தி வைங்கன்னு சொல்லுவேன். அவங்க வண்டியிலயும் சின்ன கியரு இருக்குமுல்ல? ஏன் போடமாட்டேங்குறாங்க?”

இந்தக் கேள்வியை விட்டு என்னால் நகர முடியவில்லை. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளையலாம், வெடிப்பு விடலாம் என்பது அவருக்குத் தெரிகிறது. பத்து லட்சம் கொடுத்து வாங்கியவருக்கு, தன் வண்டியின் கியர் ராடு பக்கத்தில் எம், எல், 2 என்றோ, கூட்டல் கழித்தல் குறியாகவோ எழுதியிருப்பது எதற்கென்று தெரிவதில்லை. அவர் முட்டாள் என்பதால் அல்ல. டிரைவரை வைத்திருந்த தலைமுறை அறிவையும் சம்பளத்துக்கு வாங்கியது. பெட்டியை வாங்கிய தலைமுறைக்குப் பெட்டி எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று விற்கப்பட்டது. கியர் மாற்றும் வேலை பெட்டிக்குள் போனபோது, கியர் எதற்கு என்ற அறிவும் கூடவே உள்ளே போய்விட்டது. ஏறும்போது இதனால் நஷ்டமில்லை, பெட்டி சமாளிக்கும். இறங்கும்போது பல பெட்டிகள் டி-யில் மைலேஜை நினைத்துப் பெரிய கியரைத் தேர்ந்தெடுக்கும். இறக்கத்தில் கார் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று நம் மனதில் இருப்பது அதற்குத் தெரியாது.

கியரே இல்லாத நாள்

இப்போது மின்சாரக் கார்களும் ஏறுகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே விகிதம், மாற்ற எதுவும் இல்லை. மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்ற சண்டையை அவை ஜெயிக்கவில்லை, கலைத்துவிட்டன. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை அடக்குகிறது. ஆட்களோடு 1500 கிலோ உள்ள கார் 900 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி 3.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். அதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வரும். பழைய டிரைவர்கள் இன்ஜினில் கரைத்த சூடு முதன்முறையாகப் பணமாகிறது. ஆனால் மேலே தங்கிய இடத்தில் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. வண்டி மறுபடி பிரேக்கை நம்பும். பழைய பழமொழி இங்கே வேறு உருவில் நிற்கிறது: இறங்குவதற்கு முன்னால் இறங்குவதைப் பற்றி யோசி.

எந்தக் கார் வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, உங்களால் எந்தச் செலவைத் தாங்க முடியும் என்று திருப்பிக் கேட்பேன். அதற்குமேல் என்னிடம் சிபாரிசு இல்லை. கொல்லிமலை போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று உண்டு. திரும்பும்போது சோளக்காடு தாண்டி 70/70 என்ற பலகை வரும். அதற்கு முன்பே ஓரமாக ஒதுங்கி, உங்கள் வண்டியில் சின்ன கியரை எப்படிப் பிடித்து வைப்பது என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், சாலை விதியும் அதையே சொல்கிறது. அந்த பிக்கப்காரர் கிழங்கு இறக்கிவிட்டு ஏறி வந்துகொண்டிருப்பார்.